மலிவு டூல்ஸ்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

சனிக்கிழமை முழுக்க உடைந்த எம்6 டேப் (6 மி.மீ. போல்ட்டுக்குத் துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஒன்றோடு மல்லுக்கட்டியதிலேயே போய்விட்டது. ஒரு ஸ்டீல் பிளேட்டில் 12 துளை, பதினொன்றுக்கு மரை போட்டாயிற்று, கடைசித் துளையில் 'டிக்' என்று ஒரு சத்தம், பாதி டேப் உள்ளே, மீதி என் கையில். துளை சரியாக 5 மி.மீ.தான், எண்ணெயும் விட்டேன், அவ்வப்போது பின்னால் திருப்பி உலோகச் சுருளையும் உடைத்தேன். ஆனால் டேப் செட் வாங்கிய அன்று விலையை மட்டும்தான் பார்த்திருந்தேன். உள்ளே மாட்டிய துண்டின் மேல் ட்ரில் பிட் வழுக்குமே தவிர இறங்காது, கடைசியில் பஞ்ச் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நொறுக்கித்தான் எடுத்தேன்.

அதற்காக மலிவு எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். லேத்துக்கு வாங்கிய பெயர் தெரியாத கார்பைடு இன்சர்ட்டுகள் (மாற்றி மாட்டும் வெட்டுமுனைகள்) அலுமினியத்திலும் மைல்டு ஸ்டீலிலும் நன்றாகவே ஓடுகின்றன. பழகும் காலத்தில் முனை ஜாப்பை (கடையும் உலோகத்தை) ஒட்டியிருக்கும்போதே மோட்டாரை நிறுத்திச் சில்லு பெயர்க்காதவர் யார்? அதற்கு உயர்ந்த இன்சர்ட்டைப் பலி கொடுப்பானேன்.

ட்ரில் பிட் இரண்டுக்கும் நடுவில். தங்க நிறத்தைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன். அது சில மைக்ரான் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, அடியில் இருக்கும் எஃகு சுமார் என்றால் நிறம் என்ன செய்யும்? நல்ல எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கிட்டத்தட்ட 600 டிகிரி வரை கடினம் குறையாமல் நிற்கும், சாதாரண கார்பன் ஸ்டீல் 250 டிகிரி தாண்டுவதற்குள்ளேயே இளக ஆரம்பித்துவிடும். மலிவு செட்டில் இருந்த 8 மி.மீ. பிட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் சுருள் வந்தது, துளையை வெர்னியரில் பார்த்தால் 8.3. முனையின் இரண்டு உதடும் (வெட்டும் விளிம்பும்) சமமில்லை, அவ்வளவுதான். சாணையில் பிடித்துச் சமமாக்கியதும் அதே பிட் ஒழுங்காக இறங்கியது. சாணை பிடிக்கத் தெரிந்தவருக்கு மலிவு செட் போதும், அடிக்கடி தேவைப்படும் மூன்று நான்கு அளவை மட்டும் நல்லதாக வாங்கிக்கொள்ளலாம். ஸ்டெயின்லெஸ் என்றால் மட்டும் 5% கோபால்ட் உள்ள எம்35 ரக எச்.எஸ்.எஸ். பிட் எடுங்கள், மழுங்கிய பிட் அதில் வெட்டாமல் உரசிக்கொண்டே நின்றால் அந்த இடமே இறுகிப்போய்விடும்.

டேப்பில் மட்டும் இனி மிச்சம் பிடிப்பதில்லை. நொறுக்கியதில் அந்தத் துளையின் ஓரம் பெயர்ந்துவிட்டது, 6.8 மி.மீ.க்குப் பெரிதாக்கி எம்8 போடப் போகிறேன், புது டேப் வந்து சேரட்டும்.