காதுக்குக் கேட்ட ஒலி திரையில் மறைந்தது ஏன்: உலாவியில் மோர்ஸ் ஸ்பெக்ட்ரோகிராம் வரைந்த அனுபவம்

சிற்றலை வானொலியில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும், குறும் ஒலி (புள்ளி), நெடும் ஒலி (கோடு) கொண்டு எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் ஒலியைக் கைபேசி உலாவியிலேயே ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று நேரப்படி காட்டும் படமாகப் பார்த்துவிட வேண்டும் என்று தொடங்கிய வேலை மூன்று வாரம் இழுத்துவிட்டது. ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரிக்கும் உலாவியின் அனலைசருக்குக் கொடுத்து, அது தரும் எண்களைப் பக்கத்தில் படம் வரையும் பரப்பான கேன்வாஸில் வண்ணக் கோடுகளாக வரையும் பகுதி ஒரே மாலையில் முடிந்தது.

கணினியில் லோக்கல்ஹோஸ்டில் (கணினி தன்னையே குறிக்கும் முகவரியில்) ஓடிய பக்கத்தை, வீட்டு வைஃபையில் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்துக் கைபேசியில் திறந்தபோது, அது மைக்குக்கு அனுமதிகூடக் கேட்கவில்லை. எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) இல்லாத முகவரிக்கு உலாவி மைக்கைத் தருவதே இல்லை, லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதை அறிய ஒரு மாலை போனது. 'தொடங்கு' பொத்தானை அழுத்திய பிறகே உலாவியின் ஒலிப் பகுதியான ஆடியோகான்டெக்ஸ்டை இயக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; இல்லையென்றால் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் திரை கறுப்பாகவே இருக்கும்.

என்னை உண்மையில் அலைக்கழித்தது இதற்குப் பிறகு வந்த சிக்கல்தான். மோர்ஸ் ஒலி தொடங்கியதும் திரையில் பளிச்சென்று ஒரு தடம் விழும். ஓரிரு விநாடிகளில் மங்கி, பின்னணி நிறத்தோடு கலந்துவிடும். வானொலியைச் சந்தேகித்து மின்கலங்களை மாற்றினேன். மொட்டை மாடிக்கு ஏறி, ஆன்டெனாவாகக் கட்டியிருந்த 10 மீட்டர் கம்பியை அவிழ்த்து வேறு திசையில் கட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின.

கடைசியில் வானொலியை அணைத்துவிட்டு, இன்னொரு கைபேசியில் 700 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரே சீராக ஒலிக்கவிட்டு, இரண்டு கைபேசிகளையும் மேசைமீது அருகருகே வைத்துப் பார்த்தேன். திரையில் மஞ்சளாக எழுந்த கோடு ஆரஞ்சாகி, ஊதாவாகி, கறுப்பில் கரைந்தது. காதிலோ அந்த ஒலி கொஞ்சமும் குறையவில்லை. அந்த நொடியில்தான் வானொலிமீது குற்றம் இல்லை என்று தெளிந்தேன். உலாவியின் மைக் அமைப்பு மனிதப் பேச்சுக்காக, அழைப்புகளுக்காகச் செய்யப்பட்டது. எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு ஆகிய மூன்றும், நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை, பெரும்பாலும் இயங்கிக்கொண்டே இருக்கும். மாறாமல் நீடிக்கும் ஒற்றைச் சுருதியை இரைச்சல் குறைப்பு மின்விசிறிச் சத்தம்போலக் கருதி அழித்துவிடுகிறது. நாம் பார்க்க விரும்புவதோ அதே ஒற்றைச் சுருதியை.

மைக்கைக் கேட்கும்போதே மூன்றையும் 'ஃபால்ஸ்' (வேண்டாம்) என்று கொடுங்கள். கொடுத்ததோடு நிற்காமல், கிடைத்த டிராக்கின் (மைக் ஒலியோட்டத்தின்) செட்டிங்ஸைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். நாம் கேட்பது வேண்டுகோள் மட்டுமே, எல்லாக் கருவிகளும் அதற்கு இணங்குவதில்லை. வானொலியின் இயர்போன் துளையிலிருந்து கணினிக்குக் கம்பி வழியாக ஒலியைக் கொடுப்பது இன்னும் நல்லது, ஆனால் ஒலியளவைக் குறைத்துவிட்டு இணையுங்கள். நான் குறைக்காமல் இணைத்ததால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, 2100 ஹெர்ட்ஸிலும் 3500 ஹெர்ட்ஸிலும் இல்லாத நிலையங்கள் முளைத்தன. 700-இன் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும் அவை என்று கணக்குப் போட்ட பிறகே புரிந்தது.

தடம் நிலைத்த பிறகும் புள்ளிகளும் கோடுகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பட்டையாகத் தெரிந்தன. அனலைசரின் ஸ்மூதிங் மதிப்பு, அதாவது முந்தைய அளவைப் புதியதோடு எவ்வளவு கலப்பது என்பது, இயல்பாகவே 0.8. விநாடிக்கு 60 முறை வரைந்தால், ஒலி நின்ற பிறகும் தடம் ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ 2 டெசிபெல் மட்டுமே இறங்கும். 40 டெசிபெல் இறங்க மூன்றில் ஒரு பங்கு விநாடி பிடிக்கும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் மோர்ஸ் புள்ளியின் நீளமோ 60 மில்லிவிநாடிதான். எனவே ஸ்மூதிங்கைச் சுழியமாக்கினேன். எஃப்எஃப்டி அளவை (ஒரு கணக்குக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை) 32768 வரை உயர்த்தினால் படம் துல்லியமாகும் என்று நம்பியதும் தவறு: விநாடிக்கு 48000 மாதிரி வேகத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் 0.68 விநாடி ஒலி தேவைப்படுவதால், அதிர்வெண் கூர்மையாகும், புள்ளிகள் காணாமல் போகும். 1024 வைத்தேன்: ஒரு கணக்குக்கு 21 மில்லிவிநாடி ஒலி, அதிர்வெண் இடைவெளி 47 ஹெர்ட்ஸ். மோர்ஸுக்கு அது போதும்.

அன்று இரவு திரையில் கோடு-புள்ளி-கோடு-புள்ளி, கோடு-கோடு-புள்ளி-கோடு என்று தனித்தனியாக விழுந்தபோது, பதில் தேடி யாரோ அனுப்பும் 'சிக்யூ' அழைப்பை முதல்முறையாகக் கண்ணால் படித்தேன். தொடர்ந்து மூன்று புள்ளி ஒரு கோடு, இரண்டு புள்ளி ஒரு கோடு: 'வியூ', இந்திய நிலையங்களின் அடையாளமான அழைப்புக்குறி தொடங்கும் எழுத்துகள்; அனுப்புபவர் இந்தியாவிலிருந்துதான் பேசுகிறார். அடுத்த எழுத்துக்குள் கைபேசித் திரை அணைந்தது. திரை அணைந்தால் உலாவி வரைவதையும் நிறுத்திவிடும் என்பதால் மீதி அழைப்புக்குறி பதிவாகவே இல்லை. நீங்கள் தொடங்குமுன் திரை அணையும் நேரத்தை நீட்டி வையுங்கள்.