பேக்கேஜ் ட்ராக்கர் நாட்குறிப்பு, செப்டம்பர் 2025

செப்டம்பர் 3, புதன்

எங்கள் சர்வர்களில் எந்தப் பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) எந்தப் பதிப்பில் கிடக்கிறது, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று அருகருகே காட்டும் ட்ராக்கர் இப்போது என் பொறுப்பு. டெபியன் ஆர்க்கைவ் நாளுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படும், எங்கள் ஸ்கிரிப்டும் அதே கணக்கில் ஓடி ஸ்டேபிள் (வெளியான நிலையான பதிப்பு), செக்யூரிட்டி (அதன் பாதுகாப்புத் திருத்தங்கள்), டெஸ்டிங் (அடுத்து வரப்போகும் பதிப்பு) பட்டியல்களை இறக்கி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் போடும். ட்ரிக்ஸி, அதாவது டெபியன் 13, வெளியானபோது அதில் 69,830 பேக்கேஜ்கள், டேட்டாபேஸுக்கு இதெல்லாம் ஒரு எண்ணிக்கையே இல்லை. அப்படியிருந்தும் டேபிள் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு, பேக்கப் சர்வரில் டபிள்யூஏஎல் கோப்புகள் (டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவு) குவிந்து கிடக்கின்றன.

செப்டம்பர் 4, வியாழன்

காரணம் கிடைத்தது. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரிசைக்கும் 'ஆன் கான்ஃபிளிக்ட் டூ அப்டேட்' (இல்லையென்றால் சேர், ஏற்கெனவே இருந்தால் திருத்து) போடுகிறது. போஸ்ட்கிரெஸ் பழைய மதிப்பும் புது மதிப்பும் ஒன்றா என்று பார்ப்பதில்லை, அப்டேட் என்றால் புது வரிசை எழுதிப் பழையதைச் செத்ததாக விட்டுவிடும். செத்த வரிசைகளைத் துப்புரவாக்கும் ஆட்டோவேக்கூம் வழக்கமாக 20 சதவீதம் போல செத்தால் எழும், நாங்களோ ஒரே டிரான்சாக்ஷனில் மொத்தத்தையும் சாகடிக்கிறோம், நாளுக்கு நான்கு தடவை! இப்போதைக்கு 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' (மதிப்பு மாறியிருந்தால் மட்டும் எழுது) நிபந்தனை சேர்த்தேன். ஸ்டேபிள் விஷயத்தில் அதுகூடத் தேவையில்லை, பாயிண்ட் ரிலீஸ் (திருத்தங்களைச் சேர்த்த சிறு வெளியீடு) வந்தால்தானே அது மாறும், அதனால் பட்டியல்களின் ஹாஷ்களை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) வைத்திருக்கும் இன்ரிலீஸ் கோப்பில் அது மாறியிருந்தால் மட்டும் பட்டியலைத் தொடு என்று மாற்றிவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

நல்ல சோதனை தானாக வந்தது. இன்று டெபியன் 13.1-ம் 12.12-ம் ஒரே நாளில் வெளியாயின. எங்கள் மிரர் (டெபியன் ஆர்க்கைவின் நகல்) பாதி சிங்க்கில் இருந்த நேரம் ஸ்கிரிப்ட் ஓடியது, இன்ரிலீஸ் புதுசு, பட்டியல் இருக்கும் பேக்கேஜஸ் கோப்பு பழசு, ஹாஷ் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. நின்றது சரிதான், அரைகுறையாக உள்ளே போயிருந்தால்தான் வம்பு. கோப்பைப் பெயரால் கேட்காமல் 'பை-ஹாஷ்' அடைவிலிருந்து அதன் ஷா256 ஹாஷ் பெயரிலேயே கேட்டால் இந்தக் குழப்பம் வராது. அந்த வசதி எப்போதிலிருந்தோ இருக்கிறது, எங்கள் ஸ்கிரிப்ட் எழுதப்பட்டது அதற்கும் முன்னால் போல.

செப்டம்பர் 9, செவ்வாய்

செக்யூரிட்டி டீம் அக்கா கூப்பிட்டு, "தம்பி, ட்ரிக்ஸி லிப்ரெஆபிஸ் புக்வார்மைவிடப் பழசுன்னு உன் பக்கம் சொல்லுதே, பாத்தியா?" என்றார். பார்த்தேன். புக்வார்மில் (டெபியன் 12) 4:7.4.7, ட்ரிக்ஸியில் 4:25.2.3. பதிப்பு எண் இருக்கும் நெடுவரிசை டெக்ஸ்ட் வகை, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் 2 என்பது 7-க்கு முன்னால், முடிந்தது கதை. பதிப்பு எண்ணை வெறும் சரமாக வைப்பது இந்த வேலையில் தீராத தலைவலி. முன்னால் இருக்கும் எபாக் (அந்த '4:') வேறு. அப்புறம் அந்த டில்டே (~), அது வந்தால் ஒன்றுமே இல்லாததைவிடவும் சின்னது, அதனால்தான் பேக்போர்ட்டில் (பழைய ஸ்டேபிளுக்காகத் தொகுத்த புதிய பதிப்பில்) '~bpo12' என்று ஒட்டுகிறார்கள், அடுத்த ஸ்டேபிளுக்கு ஏறும்போது அசல் பேக்கேஜ் ஜெயிக்க வேண்டுமே. இதையெல்லாம் பைத்தானில் எழுதி வரிசைப்படுத்த வேண்டியதில்லை. இந்த ஒப்பீட்டுக்கென்றே 'டெப்வெர்ஷன்' என்று போஸ்ட்கிரெஸுக்கு எக்ஸ்டென்ஷனே இருக்கிறது, டெபியன் தன் தகவல்களைத் திரட்டி வைக்கும் யூடிடி டேட்டாபேஸும் அதைத்தான் நம்பியிருக்கிறது. நெடுவரிசையின் வகையை மாற்றும்போது டேபிள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும் என்பதால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தேன், யாரும் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்னொரு ஓட்டை. டெஸ்டிங்கிலிருந்து நீக்கப்பட்ட பேக்கேஜ்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அப்சர்ட் (அந்த 'ஆன் கான்ஃபிளிக்ட்' கட்டளை) சேர்க்கும், திருத்தும், எதையும் நீக்காது. 'கடைசியாகப் பார்த்தது' என்று ஒரு தேதி நெடுவரிசை போடலாம் என்று டீமில் ஒருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு ஓட்டத்திலும் எல்லா வரிசையிலும் தேதி மாறும், போன வாரம் மூடிய குழாயை மறுபடி திறந்துவிட்ட மாதிரி. நிபந்தனை பொய்த்தாலும் அப்சர்ட் வரிசையைப் பூட்டத்தான் செய்யும், அந்தப் பூட்டும் டேபிளில் எழுதும் வேலைதான், ஆக அதையே தூக்கிவிட்டேன். இப்போது பட்டியல் காப்பி கட்டளை மூலம் டெம்ப் (தற்காலிக) டேபிளுக்குள் போகிறது. அங்கிருந்து அசல் டேபிளோடு ஜாயின் போட்டு புதியதைச் சேர், மாறியதைத் திருத்து, காணாமல் போனதை நீக்கு, மூன்றும் ஒரே டிரான்சாக்ஷனில். நீக்க வேண்டியது 5 சதவீதத்தைத் தாண்டினால் எதையும் செய்யாமல் எனக்கு மெயில் அனுப்பு என்று ஒரு தடுப்பும் வைத்தேன். அக்கா அடுத்துக் கேட்பது, நீக்கியதற்கு டெபியனில் என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் பக்கத்தில் வர வேண்டுமாம். திங்கள்கிழமை பார்க்கலாம்.