181.0720-க்குப் பெயர் கண்டுபிடித்த கதை

மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பெயர் எதையும் சொல்லாது. சிறுநீர்த் துளியை உள்ளே விட்டால் நிறை, வெளிவந்த நேரம், சிக்னலின் அளவு என்று எண்களைத்தான் கொட்டும். அந்த எண்களுக்குப் பின்னால் எந்த மூலக்கூறு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என்னைப் போன்றவர்களின் பாடு. நான் படித்தது கணினி அறிவியல். பைத்தானில் நிரல் எழுதத்தான் ஜெர்மனியில் ஒரு மெட்டபாலமிக்ஸ் குழுவில், அதாவது உடம்பில் உள்ள சிறு மூலக்கூறுகளை மொத்தமாக ஆராயும் குழுவில், சேர்ந்தேன். வேதியியல் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு மருத்துவமனையின் ஆட்கள் நோயாளிகள், ஆரோக்கியமானவர்கள் என இரு குழுவின் சிறுநீர் மாதிரிகளைக் கொடுத்து, எந்தப் பொருள்கள் வேறுபடுகின்றன என்று கேட்டார்கள். கேள்வி ஒரு வரிதான். கோப்புகளை எம்இசட்மைன் மென்பொருளில் போட்டு, சிக்னல் மேடாக எழும் இடங்களை, அதாவது பீக்குகளைப் பிரித்தால் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. அத்தனையும் தனித்தனிப் பொருள்கள் என்று நம்பிவிடக் கூடாது. ஒரே மூலக்கூறு புரோட்டானோடு ஒரு தடவை, சோடியத்தோடு இன்னொரு தடவை வரும்; இரண்டுக்கும் நடுவில் நிறையில் சரியாக 21.9819 வித்தியாசம் இருக்கும். சற்றே கனமான கார்பன்-13 அணு இருப்பவை 1.00335 தள்ளி வரும். 44.0262 இடைவெளியில் ஒரு நீண்ட வரிசை நின்றால் அது பாலிஎத்திலீன் கிளைக்கால், எங்கோ சோப்பிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்தது. 391.2843 என்ற எண்ணைக் கண்டால் எங்கள் லேபில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்.

இதையெல்லாம் கழித்த பிறகு இன்னொரு சல்லடை. எல்லா மாதிரிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்த ஒரு கலவையை நடுநடுவே ஓட்டியிருந்தோம். ஒரே கலவையில் 30 சதவீதத்துக்கு மேல் ஆடுகிற பீக்கை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதால் அவற்றையும் தூக்கிவிட்டோம். அப்புறம்தான் புள்ளியியல். பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தது 181.0720 நிறையுள்ள பீக். நோயாளிகளிடம் குறைவு, மற்றவர்களிடம் எக்கச்சக்கம்.

முதல் சந்தேகம் குளுக்கோஸ். சிறுநீர், நோயாளி என்றதும் யாருக்கும் மனசு அங்கேதான் போகும். குளுக்கோஸோடு ஒரு புரோட்டான் சேர்ந்தால் 181.0707. நம்முடையதற்கும் அதற்கும் 0.0013 தான் வித்தியாசம், அதாவது சுமார் 7 பிபிஎம் (பத்து லட்சத்தில் 7 பங்கு). தேடும்போது 10 பிபிஎம் வரை விட்டுக்கொடுத்தால் இரண்டுமே பட்டியலில் வரும். எங்களுடையது நிறையை மிகத் துல்லியமாக அளக்கும் ஆர்பிட்ராப் வகைக் கருவி; அளவுத்திருத்தம் ஒழுங்காக இருந்தால் பிழை 3 பிபிஎம்-ஐத் தாண்டாது. போதாததற்கு, குளுக்கோஸ் பெரும்பாலும் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு 203.0526-இல் வருகிற ஆள். குளுக்கோஸைத் தள்ளிவிட்டேன். யேனா பல்கலைக்கழகத்தில் உருவான சிரியஸ் மென்பொருளும் மூலக்கூறு உடைந்த துண்டுகளை வைத்துக் கணக்குப் போட்டு, கார்பன் 7, ஹைட்ரஜன் 8, நைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2 என்றே சொன்னது.

வாய்பாடு கிடைத்தாலும் வேலை முடியவில்லை. இதே வாய்பாட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்: சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின், ஆஸ்துமா மருந்தான தியோஃபிலின், உடம்பு காபியை உடைக்கும்போது உண்டாகும் பாராக்ஸாந்தின். மூன்றிலும் இரண்டு மெத்தில் குழுக்கள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தது). எங்கே ஒட்டியிருக்கின்றன என்பதில் மட்டும் வித்தியாசம். தெரிந்த பொருள்கள் எப்படி உடையும் என்று பதிந்துவைத்த நூலகத்தோடு ஒப்பிட்டபோது முதலிடத்தில் வந்தது தியோஃபிலின், மதிப்பெண்ணும் பிரமாதம். கூட்டத்தில் அந்தப் பெயரைத் திரையில் காட்டியதும் மருத்துவர் ஒருவர் கேட்டார்: “அப்படியானால் உங்கள் ஆரோக்கியமான குழுவில் பாதிப்பேர் ஆஸ்துமா மருந்து சாப்பிடுகிறார்களா?”

நியாயமான கேள்வி. துண்டுகளை நானே உட்கார்ந்து பார்த்தேன். இந்த வகை மூலக்கூறு உடையும்போது, முதல் நைட்ரஜனும் அதன் பக்கத்துக் கார்பனும் ஒன்றாகக் கழன்று போகும். அந்த நைட்ரஜனில் மெத்தில் இருந்தால் 57.0215 குறைந்து 124.0505 மிஞ்சும், இல்லாவிட்டால் 43.0058 குறைந்து 138.0662. எங்கள் ஸ்பெக்ட்ரத்தில் (துண்டுகளின் நிறைகளைக் காட்டும் வரைபடத்தில்) 124 தடியாக நின்றது. தியோபுரோமினில் அந்த இடத்தில் மெத்தில் கிடையாது, ஆகவே அது அவுட். மீதி இரண்டிலும் உண்டு. மென்பொருள் தியோஃபிலினை மேலே வைத்ததற்குக் காரணம், இரண்டு மதிப்பெண்களுக்கும் நடுவே இருந்த ஒரு மயிரிழை மட்டுமே.

இந்த இடத்தில் கணினி கையை விரித்துவிட்டது. அந்த இரண்டு பொருள்களையும் தூளாக வாங்கி, அதே கருவியில், அதே முறையில் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. 2007-இல் மெட்டபாலமிக்ஸ்காரர்கள் வகுத்த நான்கு நிலைகளில் முதல் நிலை கேட்பதும் இதைத்தான்: உண்மையான பொருளோடு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பண்புகளாவது பொருந்த வேண்டும். தூள் வந்துவிட்டது, ஆனால் கருவியில் நேரம் கிடைக்கக் காத்திருந்ததுதான் பெரிய பாடு. லேபைக் கவனிக்கிற தோழி ஒருத்தி, “அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும், மெத்தனாலில் ஓட்டு” என்றாள். ஓட்டினோம். பொருள்களைப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விடும் எங்கள் சி18 குழாயில் இரண்டு பீக்குகளும் அடிவரை இறங்காவிட்டாலும் தலை தனித்தனியாகத் தெரிந்தது. பிறகு உண்மையான சிறுநீர் மாதிரி ஒன்றில் பாராக்ஸாந்தினைக் கொஞ்சம் சேர்த்தோம். ஏற்கனவே இருந்த பீக் அப்படியே உயர்ந்தது. தியோஃபிலினைச் சேர்த்தபோது பக்கத்தில் ஒரு தோள் முளைத்தது.

பாராக்ஸாந்தின் என்று தெரிந்த பிறகு மற்றதெல்லாம் மளமளவென்று வந்தது. மனிதக் கல்லீரல் காஃபீனில் சுமார் 80 சதவீதத்தை அதாகத்தான் மாற்றுகிறது. 195.0877-இல் காஃபீன், 167.0564-இல் அடுத்த சிதைவுப் பொருள், காபிக்கொட்டையிலிருந்து நேராக வரும் டிரைகோனெல்லின் 138.0550-இல், மூன்றும் அதே மாதிரிகளில் ஏறி, அதே மாதிரிகளில் இறங்கின. மருத்துவமனைக்குக் கேட்டு எழுதினோம். நோயாளிகளுக்கு இதயப் படபடப்பு இருந்ததால் காபியை நிறுத்தச் சொல்லியிருந்தார்களாம். கேள்வித்தாளில் காபி பற்றி ஒரு வரிகூட இல்லை.

எனக்கு அது தோல்வியாகப் படவில்லை. காஃபீன் அளவைக் கணக்கில் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். பட்டியலின் மேலே இருந்தவற்றில் பல கீழே போயின. முன்பு கண்ணிலேயே படாத சில மேலே வந்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்னும் இரண்டாம் நிலையில்தான், அதாவது உண்மையான பொருளோடு ஒப்பிடாமல் ஊகித்த பெயரோடுதான் நிற்கின்றன. தரவை மெட்டபோலைட்ஸ் (MetaboLights) என்ற பொதுத் தரவுத்தளத்தில் போடுவதற்காக அட்டவணை தயார் செய்தபோது, 181.0720-க்கு எதிரே நாங்கள் கண்டுபிடித்த பெயரோடு, மென்பொருள் முதலில் கொடுத்த பெயரையும் அதன் மதிப்பெண்ணையும் தனிப் பத்தியில் அப்படியே விட்டுவைத்தேன். குழுத்தலைவர் அதை எடுத்துவிடலாமே என்றார். நான் எடுக்கவில்லை.