ரோஷ்ஃபோரில் அக்காவின் பெயர்

பிரான்ஸின் லா ரோஷெலில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் ரோஷ்ஃபோர். நான் கிளம்பியது என்னவோ பிரெஞ்சு நடிகை கத்ரின் தெனுவை நினைத்துத்தான். ழாக் தெமி இயக்கி 1967-இல் வந்த 'லே தெமுவாஸெல் த ரோஷ்ஃபோர்' (ரோஷ்ஃபோரின் இளம்பெண்கள்) படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து அந்தச் சதுக்கத்தின் பெயரைப் படித்தேன்: ப்ளாஸ் பிரான்ஸுவாஸ் தோர்லேயாக். தெனுவின் அக்கா. படத்தில் இருவரும் இரட்டையர்களாக நடித்திருப்பார்கள். அக்காவை இத்தனை நாளாக ஓரக்கண்ணால்தான் பார்த்திருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

ஊர் சின்னது. 17ஆம் நூற்றாண்டில் கடற்படைக்காகத் திட்டமிட்டுக் கட்டியது, அதனால் தெருவெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடுகிறது. 1966 கோடையில் படக்குழு வந்து வீடுகளின் ஜன்னல் கதவுகளுக்கெல்லாம் ரோஸ், மஞ்சள், நீலம் என்று வண்ணம் அடித்துவிட்டதாம். இப்போது கண்ணில் படுவது பெரும்பாலும் வெளிறிய கல் சுவர்கள்தான். கோல்பேர் சதுக்கத்தில் நீரூற்றைப் பார்த்தபடி ஒரு காபி குடித்தேன். படத்தில் இதே சதுக்கத்தில் ஒரு கண்ணாடி காபிக் கடை வரும். அது செட். சகோதரிகள் பாட்டும் நடனமும் சொல்லித்தரும் மாடி அறை, எதிரே இருக்கும் நகரசபைக் கட்டடத்துக்குள் போட்ட செட்.

மிஷேல் லெக்ரான் இசை. சகோதரிகள் இருவருக்கும் பின்னணிப் பாடகிகள் பாடியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பிரெஞ்சுப் படத்திலும் நம்மூர் வழக்கம்தானா என்று முதலில் தெரிந்தபோது எனக்கு அற்ப சந்தோஷம். அம்மாவாக நடித்த தனியேல் தாரியே மட்டும் சொந்தக் குரலில் பாடினார்.

பிரான்ஸுவாஸ் 1942-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே நடிகர்கள், டப்பிங்கிலும் வேலை செய்தவர்கள். சகோதரிகளில் சினிமாவில் முதலில் பேர் வாங்கியது இவர்தான். 19 மாதம் இளைய கத்ரின் அக்காவின் நிழலில் நிற்க வேண்டாம் என்று அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். அப்புறம் 1964. ஒரு படத்தில் நடிகர் பெல்மோந்தோவோடு பிரேசில் முழுக்க ஓட்டமும் துரத்தலும், இன்னொன்றில் த்ரூஃபோவின் இயக்கத்தில் விமானப் பணிப்பெண். இரண்டாவது படத்தைத்தான் நான் சொல்வேன். கல்யாணமான எழுத்தாளரோடு பழகும் அந்தப் பெண்ணை அழுகாச்சி இல்லாமல், எல்லாம் தெரிந்தும் சும்மா இருப்பவளாக நடித்திருப்பார். 1966-இல் பொலான்ஸ்கி இயக்கிய படத்தில் வெறுங்காலோடு ஒரு பழைய கோட்டையில் திரிந்தவரும் இவர்தான்.

மதியம் ஷராந்த் ஆற்றுப் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு பழைய பாலம் இருக்கிறது. ஊரில் இருந்து தூரம்தான், வெயில் வேறு. நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு இடைவேளை. சரி என்று நிழலில் உட்கார்ந்தேன். பாலம் என்று பேரே தவிர, இதன் மேல் நடக்க முடியாது. இரு கரையிலும் உயரமான இரும்புக் கோபுரங்கள், தண்ணீருக்கு 50 மீட்டர் மேலே ஒரு இரும்புச் சட்டம், அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு மேடை. ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த மேடைதான் ஆற்றைக் கடக்கிறது. உயரமான கப்பல்களுக்கு வழிவிட வேண்டியிருந்ததால் 1900-இல் இப்படிக் கட்டினார்கள். பிரான்ஸில் இந்த வகையில் மிஞ்சியது இது ஒன்றே.

மேடையில் ஏறினேன். சைக்கிளோடு சிலர், ஒரு தள்ளுவண்டிக் குழந்தை. சத்தமே இல்லாமல் நகர்ந்தது. காலடியில் பலகை இடுக்கு வழியாகப் பழுப்புத் தண்ணீர். படம் தொடங்குவதே இங்கேதான்: சந்தைக்காரர்கள் லாரியை விட்டு இறங்கி, சோம்பல் முறித்து, அந்தச் சோம்பலே நடனமாக மாறும்.

படம் பாரிஸில் வெளியானது 1967 மார்ச்சில். ஜூன் 26 அன்று பிரான்ஸுவாஸ் நீஸ் விமான நிலையத்துக்குத் தானே கார் ஓட்டிப் போனார். வழியில் கார் கட்டுப்பாடு இழந்து மோதித் தீப்பிடித்தது. வயது 25. அம்மா ரெனே சிமோனோ அதற்குப் பிறகு 54 வருடம் இருந்தார், 2021-இல் 109 வயதில் போனார். இதை ரயிலில் கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், போடாமலே இருந்திருக்கலாம்.

திரும்பும்போது ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. ஸ்டேஷன் வாசலில், மஞ்சள் உடை போட்ட ஒரு சிறுமி தங்கையைக் கையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். தங்கை கீழே விழுந்து அழ, அம்மா இருவரையும் திட்டினார். மறுபடியும் சுற்றினார்கள்.