உப்புக்காற்று வீட்டில் சென்சார் லைன்: எந்த கேபிள், எந்த கனெக்டர்?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு. ஹால், சமையலறை, மாடிப்படி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி என டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார்களை ஒரே லைனில் கோத்து வருகிறேன். ரீடிங் எடுக்கும் ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் புரோகிராம் போடுவது சுலபமாக முடிந்தது. யோசிக்க வைத்தது வயரும் கனெக்டரும்தான்.

பவர், டேட்டா, கிரவுண்ட் என்று மூன்று கம்பி போதும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி 64 பிட் அடையாள எண் இருப்பதால் எல்லாமே ஒரே டேட்டா கம்பியில் தொங்கலாம். ஆனால் அறைக்கு ஒரு கிளையாகப் பிரித்தால் கிளை முனைகளில் சிக்னல் மோதித் திரும்பி, ரீடிங் குழம்பும். அதனால் ஒரே கேபிள்தான் வீடு முழுக்கப் போகிறது. சென்சாருக்குப் பிரியும் வால் ஒரு சாணுக்கு மேல் இல்லை.

கேபிள் கேட்5ஈ. "நெட் கேபிள்தானே சார், எதுவா இருந்தா என்ன" என்று கடைக்காரர் மலிவானதை எடுத்துப் போட்டார். பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை! செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். நாலு தரம் வளைத்தால் ஒடியும், நம் ஊர்க் காற்றுக்கு அரிப்பும் சீக்கிரம். விலை கூடினாலும் முழுச் செம்பே வாங்கினேன். டேட்டாவும் கிரவுண்டும் நீல ஜோடியில், பவர் ஆரஞ்சில். மீதிக் கம்பிகள் எதோடும் சேரவில்லை. கிரவுண்டில் கட்டினால் கெப்பாசிட்டன்ஸ்தான், அதாவது கம்பிகளுக்கிடையே மின்னூட்டம் தேங்கும் அளவுதான், ஏறும். டேட்டாவுக்கும் பவருக்கும் நடுவே போடும் புல்-அப் ரெசிஸ்டர் வழக்கமான 4.7 கிலோ ஓமுக்குப் பதில் 2.2 கிலோ ஓம். லைன் நீளமென்றால் அதுதான் சரிப்படுகிறது.

கனெக்டருக்கு ஒரு சோதனை வைத்தேன். நாலைந்து வகையை வாங்கி, வயரோடு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மழைக்காலம் முழுக்கத் தொங்கவிட்டேன். ஜம்பர் பின்னில் துரு. ஜேஎஸ்டி என்ற குட்டி பிளாஸ்டிக் கனெக்டர் வெளியே புதுசு மாதிரி இருந்தது, பிரித்தால் வயர் பிடிக்கும் இடத்தில் பழைய பித்தளைச் சொம்பு போலப் பச்சைக் களிம்பு. ஸ்க்ரூ டெர்மினலில் திருகே அசையவில்லை. தப்பித்தது டெலிபோன் லைன்மேன்கள் போடும், உள்ளே ஜெல் நிறைந்த குட்டி கனெக்டர் மட்டும். கம்பியைத் தோல் சீவாமல் நுழைத்து பிளையரால் அழுத்தினால் போதும்; ஜெல் பிதுங்கி வந்து மூடிக்கொள்கிறது. ஒரே குறை, சென்சாரின் மெல்லிய பல இழை வயரை அது சரியாகக் கவ்வாது. அதற்கு ஒரு துண்டு கேட்5ஈ கம்பியைச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, பிறகு நுழைக்க வேண்டும்.

வீட்டுக்குள் அவ்வளவு பாடு வேண்டாம். நெட் கேபிள் செருகும் ஆர்ஜே45 பெட்டியே போதும், கழற்றி மாட்டவும் வசதி.

இப்போது ரீடிங்கில் −127 வந்தால் சென்சாரோடு தொடர்பு விட்டுப்போச்சு என்று அர்த்தம். 85 என்று நின்றால் பவர் இணைப்பை முதலில் பார்க்கிறேன், அது சென்சார் பவர் ஏறியதும் காட்டும் ஆரம்ப எண். தொட்டி சென்சார்தான் பாக்கி. மூடிக்குக் கீழே ஈரம் அதிகம் என்பதால் இணைப்பைத் தொட்டிக்கு வெளியே பெட்டியில் வைத்து, சொட்டும் நீர் உள்ளே ஏறாதபடி வயரைப் பெட்டிக்குக் கீழே வளைத்து மேலேற்றப் போகிறேன்.