வயலின் அன்னா மரியாவின் வெனிஸ்

வெனிஸில் இசையமைப்பாளர் விவால்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தப் பாலத்தில் ஏறி இறங்கினாலும் 'நான்கு பருவங்கள்' கச்சேரிக்கான விளம்பரம் கண்ணில் படும். நான் தேடிப் போனது வேறு ஆட்களை. அவர் எழுதியதில் பெரும்பங்கை முதன்முதலில் கையில் வாங்கி வாசித்த பெண்களை.

சான் ஸக்கரியா படகுத்துறையில் இறங்கி, தண்ணீரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே நடந்தால், ஒரு பாலம் தாண்டியதும் வெள்ளை முகப்போடு நிற்கிறது பியேத்தா என்ற அநாதை இல்லத்தின் தேவாலயம். 'விவால்டியின் தேவாலயம்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அவர் இதைப் பார்த்ததே இல்லை. கட்டட வேலை தொடங்கியது 1745-இல். அவரோ 1741-இலேயே வியன்னாவில் இறந்துவிட்டார். அவர் வேலை பார்த்த பழைய பியேத்தா பக்கத்தில்தான் இருந்தது. இப்போது அங்கே மெத்ரோபோல் என்ற ஹோட்டல் இருக்கிறது. சரி, என்ன செய்ய? புதிய தேவாலயமும் பார்க்க வேண்டியதுதான். மேலே தியேப்போலோ தீட்டிய கூரை ஓவியம். இரண்டு பக்கமும் பாடகர் மாடங்கள், அவற்றை மறைக்கும் கம்பி வேலைப்பாடு. அந்தக் கம்பித் தடுப்பை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். இதுபோன்ற தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் அந்தப் பெண்கள் வாசித்தார்கள். கேட்க வந்தவர்களுக்கு நிழலசைவு மட்டுமே தெரியும்.

தேவாலயத்தின் பக்கவாட்டுச் சந்தில் சுவரில் பதித்த ஒரு கல்வெட்டு உண்டு. வளர்க்க வசதியிருந்தும் பெற்ற பிள்ளையை இங்கே கொண்டுவந்து விடுபவர்கள் மீது கடவுளின் சாபம் இடியாக விழட்டும், ஆன பராமரிப்புச் செலவை முழுக்கத் திருப்பிக் கட்டும்வரை அவர்களுக்குப் பாவமன்னிப்பும் கிடையாது என்கிறது அது. போப் மூன்றாம் பால் 1548-இல் பிறப்பித்த ஆணையை ஆதாரம் காட்டுகிறது. பியேத்தா ஓர் அநாதை இல்லம். சுவரில் ஒரு மாடம் இருக்கும். குழந்தையை அதில் வைத்துவிட்டுப் போய்விடலாம். சில தாய்மார் ஒரு பதக்கத்தையோ படத்தையோ இரண்டாக வெட்டி, பாதியைக் குழந்தையோடு விட்டு, மீதிப் பாதியைத் தம்மோடு எடுத்துப் போவார்கள். என்றாவது திரும்பி வந்து கேட்க முடிந்தால் அதுதான் அடையாளம். இங்குள்ள சின்ன அருங்காட்சியகத்தில் அந்தப் பாதித் துண்டுகள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் ரொம்ப நேரம் நிற்க என்னால் முடியவில்லை.

ஆண் பிள்ளைகள் ஒரு தொழில் கற்றுக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். பெண்களில் இசை வந்தவர்கள் பாடகர் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். 1703-இல் அப்படி வந்தவர்தான் 25 வயது விவால்டி. அந்த ஆண்டுதான் பாதிரியாராகப் பட்டம் பெற்றிருந்தார். வயலின் சொல்லிக்கொடுக்க ஆண்டுக்கு 60 டுக்காட் சம்பளம்.

இந்தப் பெண்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே வாத்தியமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அன்னா மரியா தல் வயலின், பெல்லெக்ரினா தல்ல ஓபோ, கண்டிடா தெல்ல வயோலா. பாடுபவர்களில் பாவ்லினா தல் டெனோர், அன்னா தல் பாஸோ. ஆம், ஆண்குரலுக்கான கீழ்ஸ்தாயிப் பகுதிகளையும் பெண்களே பாடினார்கள். பிரெஞ்சுக்காரரான ஷார்ல் த ப்ரோஸ் 1739-இல் இங்கே கேட்டுவிட்டு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வயலின், புல்லாங்குழல், ஆர்கன், ஊதுகருவியான ஓபோ, பெரிய வயலின் போன்ற செல்லோ, கட்டைக்குரல் ஊதுகருவியான பஸ்ஸூன் என்று எதையும் விட்டுவைப்பதில்லை, எவ்வளவு பெரிய வாத்தியமும் இவர்களைப் பயமுறுத்துவதில்லை என்று வியக்கிறார். ஒரு கச்சேரிக்கு நாற்பது பேர்போல. வெள்ளை உடையில், காதோரம் மாதுளம்பூக் கொத்தோடு ஓர் இளம்பெண் தாளம் போட்டு நடத்துவதைவிட இனிமையான காட்சி வேறில்லை என்கிறார்.

அந்த வாத்தியங்களைக் கிட்டத்தில் பார்க்க சான் மவுரீஸியோ தேவாலயத்துக்குப் போனேன். இப்போது அது இசைக்கருவி அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால்தான் என்றாலும் நேரம் எடுத்துப் பார்க்கலாம். அக்கால வயலினில் தாடை வைக்கும் கட்டை இல்லை, கழுத்து கொஞ்சம் குட்டை, நரம்புகள் ஆட்டுக் குடலில் முறுக்கியவை. வில் உள்பக்கம் வளையாமல் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கும். செல்லோவுக்குத் தரையில் ஊன்றும் கம்பி இல்லை, இரண்டு கெண்டைக்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ள வேண்டும். தியோர்போ ஓர் ஆள் உயரத்துக்குக் கழுத்து நீண்ட லூட், அதாவது விரலால் மீட்டும் நரம்புக்கருவி. என்னை நிறுத்தி வைத்தது வயோலா த'அமோரே. வில் தொடும் நரம்புகள் ஆறோ ஏழோ. அவற்றுக்கு அடியில், யாரும் தொடாமலே கூடச் சேர்ந்து அதிரும் இன்னொரு வரிசைக் கம்பிகள். சித்தாரில் தரப் கம்பிகள் முனகுமே, அதே வேலை. இதை விவால்டியும் வாசித்தார், அன்னா மரியாவும் வாசித்தார்.

அன்னா மரியா 1782-இல் முதிய வயதில் இறக்கும்வரை பியேத்தாவிலேயே இருந்தவர். வயலினோடு செல்லோ, ஓபோ, லூட், மேண்டலின், தியோர்போ, பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்ட் எல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய வயலின் சுவடி ஒன்று இந்த ஊர் பெனதெத்தோ மார்ச்செல்லோ இசைக்கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது. அதில் பெரும்பாலானவை விவால்டியின் கன்செர்ட்டோக்கள், அதாவது தனி வாத்தியம் முன்னே நிற்க, குழு துணை வரும் உருப்படிகள். சிலர் அவரைப் பற்றிப் பேசும்போது 'விவால்டியின் மாணவி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. எத்தனை கஷ்டமான தனி வயலின் பகுதி எழுதினாலும் நாளைக்கே வாசித்துக் காட்ட ஆள் இருக்கிறார் என்ற தெம்பு இல்லாமல் ஒரு மனிதர் அப்படி எழுதிக் குவித்திருக்க முடியாது. பஸ்ஸூனுக்கு மட்டும் 39 கன்செர்ட்டோக்கள் எழுதியிருக்கிறார். அவற்றில் எத்தனை இந்தப் பெண்களுக்காக என்பது தனி விவாதம். ஆனால் 1740 மார்ச்சில் சாக்சனி இளவரசர் வந்தபோது இங்கே வாசித்தவற்றைப் பாருங்கள். ஒன்றில் மேண்டலின், தியோர்போ, கிளாரினெட்டின் மூதாதையான ஷாலுமோ எல்லாம் இரண்டிரண்டாக வருகின்றன. இன்னொன்றில் வயோலா த'அமோரேயும் லூட்டும் மெல்லப் பேசிக்கொள்கின்றன. இந்த வாத்தியங்களுக்கெல்லாம் ஆள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

அன்று இரவு பழைய வாத்தியங்களோடு ஒரு சிறு குழு வாசித்ததைக் கேட்டேன். புல்லாங்குழல், ஓபோ, வயலின், பஸ்ஸூன், அடியில் செல்லோவும் ஹார்ப்சிகார்டும். விவால்டியின் ஆர்.வி. 107 என்ற ஜி மைனர் கன்செர்ட்டோ; ஆர்.வி. என்பது அவர் படைப்புகளின் பட்டியல் எண். தனியாக இசைக்குழு கிடையாது, முன்னே வருபவரும் பின்னே துணை நிற்பவரும் இவர்களேதான். கடைசிப் பகுதியில் அடிக்குரல் ஒரே சிறு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, மேலே ஒவ்வொரு வாத்தியமும் மாறி மாறிப் புறப்பட்டு வருகிறது. ஹார்ப்சிகார்ட் வாசித்தவரின் தாளில் இடக்கைக்கான வரியும் அதன் அருகே சில எண்களும் மட்டும். அந்த எண்களை வைத்து வலக்கை ஸ்வரக்கட்டுகளை அப்போதைக்கப்போது அவரே போட்டுக்கொள்கிறார். ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் சுருதி சேர்த்தார்கள். ஈரக்காற்றில் குடல் நரம்பு நிற்காது, இந்த ஊரில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் பொறுமை இழந்து நெளிந்தார். எனக்கோ அந்தச் சுருதி சேர்க்கும் சத்தமும் கச்சேரியில் சேர்த்திதான்.

மறுநாள் வடக்கே மெந்திகாந்தி பக்கம் போனேன். அதுவும் ஓர் இல்லம்தான், இப்போது ஊரின் பொது மருத்துவமனைக்குள் அடங்கிவிட்டது. கால்வாயில் ஆம்புலன்ஸ் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. இங்கே வளர்ந்தவர் மத்தலேனா லொம்பார்தினி. பாடுவா நகரின் வயலின் ஆசான் தார்த்தீனி 1760-இல் அவருக்கு எழுதிய பாடக் கடிதம் அச்சில் இருக்கிறது. வில்லை நரம்பில் மெல்ல வைத்துத் தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஒலியைப் பெருக்கு, தினமும் ஒரு மணி நேரமாவது இதைச் செய், ஒரேயடியாக வேண்டாம், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்கிறார். இந்த இல்லங்களில் வளர்ந்த பெண் மணம் செய்துகொண்டு வெளியேறினால் பிறகு மேடையேறக் கூடாது என்று பத்திரம் எழுதி வாங்குவது வழக்கம். லொம்பார்தினி 1767-இல் லொதோவிகோ சிர்மென் என்ற வயலின் கலைஞரை மணந்துகொண்டு வெளிநாட்டுக்கே கிளம்பிவிட்டார். அடுத்த ஆண்டு பாரிஸில் வாசித்தார், பிறகு லண்டனில் தன் சொந்தக் கன்செர்ட்டோக்களை வாசித்தார். அவருடைய நால்வர் இசை பாரிஸில் அச்சாயிற்று. அவரை ஏன் இன்னும் அதிகமாக யாரும் வாசிப்பதில்லை என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பியேத்தாவின் அருங்காட்சியகம் எல்லா நேரமும் திறந்திருக்காது, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அங்கிருந்து சில நிமிடத்தில் சான் ஜொவான்னி இன் பிராகோரா இருக்கிறது, 1678-இல் விவால்டிக்கு ஞானஸ்நானச் சடங்கு நடந்த கோயில். கச்சேரிக்குச் சீட்டு வாங்கும்போது பழைய வாத்தியங்களில் வாசிக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஆர்.வி. 107, வயோலா த'அமோரேயும் லூட்டும் பேசிக்கொள்ளும் ஆர்.வி. 540 இரண்டையும் கேட்டுவிட்டே விமானம் ஏறுங்கள்.