சேதுக்கரையிலிருந்து ஒரு தேடல்

1649 முதல் 1653 வரை இராஜஸ்தானத்தின் மேவாரில் உருவான இராமாயணச் சுவடியின் ஓவியங்களை, இலண்டனிலும் மும்பையிலுமாகப் பிரிந்திருந்த ஏடுகள் 2014இல் இணையத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டதால்தான், கீழக்கரைக்கு அருகிலுள்ள சேதுக்கரையில் அமர்ந்தபடி என்னால் பார்க்க முடிகிறது. ஆனால் படம் மின்னுருவானால் மட்டும் போதாது. ‘வண்ண ஓவியம், கடல், குரங்குகள்’ என்று மீதரவில் (படத்தைப் பற்றிய விவரக்குறிப்பில்) எழுதி நிறுத்திவிட்டால், அணை கட்டும் காட்சியைத் தேடுபவருக்கு அந்த ஏடு அகப்படவே அகப்படாது.

படப்பொருளை வகைப்படுத்த நெதர்லாந்தின் லைடனில் உருவான ஐகான்கிளாஸ் முறையில் 0 முதல் 9 வரை பத்துப் பெரும்பிரிவுகள் உள்ளன. விவிலியத்துக்கு 7, கிரேக்க உரோமத் தொன்மங்களுக்கு 9 எனத் தனியிடம் உண்டு. இராமகாதைக்கு அப்படியொரு பெரும்பிரிவு இல்லை. (எங்கள் ஊர்க்காரனுக்கு இது சற்று உறுத்தத்தான் செய்யும்.)

ஆகவே குறியீட்டு எண்ணோடு சேது, திருவணை, நளன் (அணை கட்டிய வானரன்) என்று எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர்களையும் சேர்த்தெழுத வேண்டும்; இணையத்தில் படங்களைப் பகிர்வதற்கான ஐஐஐஎஃப் (IIIF) தரத்தைப் பின்பற்றினால், ஏட்டின் எந்தப் பகுதியில் நளன் கல்லை வைக்கிறான் என்பதைக்கூட அந்த இடத்திலேயே குறித்துவிடலாம். கீழக்கரைச் சுவடி எதிலாவது கலம் வரையப்பட்டிருந்தால், விவரிப்பவர் ‘படகு’ என்று முடித்துவிடாமல், அது வத்தையா வள்ளமா என்று கடற்கரையில் ஒருவரைக் கேட்டு எழுதட்டும்.